ரொறன்ரோக் குளிருக்குத் திருகோணமலையிலிருந்து தொப்பி பின்னுவது எப்படி?

திருகோணமலையில் வாழும் நீங்கள், ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கும் ஆறு வயதுப் பேத்திக்கும் ஒன்றரை வயதுப் பேரனுக்கும் இந்தக் குளிர்காலத்துக்கு முன் தொப்பி, கழுத்து வளையம், காதை மூடும் தலைப்பட்டி ஆகியவற்றைக் கையால் பின்னி அனுப்ப விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். பள்ளிக்காலத்தில் கொக்கி முனையுள்ள குரோசே ஊசியால் ரேந்தை (ஓர அலங்காரப் பின்னல்) பின்னிய பழக்கம் உங்களுக்கு உண்டு. சென்ற ஆண்டு யூரியூப்பில் கண்ட ஒரு செய்முறையைத் தாளில் எழுதிவைத்து, பருத்தி நூலில் மகளுக்கு ஒரு தொப்பி பின்னினீர்கள். அதன் உச்சி பொரித்த அப்பளம்போல நெளிந்தது, உயரம் காதை எட்டவில்லை, சில நாள் அணிந்ததும் சுற்றளவு தளர்ந்து நெற்றியில் வழுகியது, குளிரும் தாங்கவில்லை. எங்கே பிழைத்தது, இம்முறை எந்த நூலில், எந்த ஊசியில், எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முப்பது ஆண்டுகள் மனையியல் கற்பித்தவள் என்ற முறையிலும், பனி விழும் நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் இருந்துகொண்டு குளிர்நாட்டுக்குப் பின்னுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பின்னிய தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்து, இது போதும், இது போதாது என்று முடிவு செய்ய நமக்கு வழியில்லை. கச்சான் காற்று வீசும் ஆனி மாதத்தில், மின்விசிறியின் கீழும் வியர்க்கும் கைக்கு எந்தத் தொப்பியும் சூடானதாகவே தோன்றும்; ஆனால் ரொறன்ரோவில் தை மாதக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையையும் கடக்கும் நாட்கள் உள்ளன. ஆகவே கை அறியாததைக் கணக்கால்தான் அறிய வேண்டும். அதற்கு முன், உங்கள் முதல் தொப்பியில் நேர்ந்த நான்கு குறைகளும் எதனால் வந்தவை என்று அறிய வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உச்சி நெளிந்ததற்கும் உயரம் குறைந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: பெயர்க் குழப்பம். நம் பள்ளிகளில் கற்பித்தது பிரித்தானிய வழக்கு. யூரியூப்பில் பெரும்பாலும் வழங்குவது அமெரிக்க வழக்கு. பிரித்தானியர் ‘டபிள் குரோசே’ என்று சொல்வது, நூலை ஊசியில் முன்னதாகச் சுற்றாமல், கண்ணிக்குள் நுழைத்து எடுத்து, ஊசியிலுள்ள இரண்டு வளையங்களையும் ஒரே இழுப்பில் முடிக்கும் குட்டையான பின்னலை. அதே பின்னலை அமெரிக்கர் ‘சிங்கிள் குரோசே’ என்பார்கள். அமெரிக்கர் ‘டபிள் குரோசே’ என்று சொல்வதோ, நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு தொடங்கி இரண்டு இழுப்பில் முடிக்கும் நெடிய பின்னலை. நமக்கு அது ‘ட்ரெபிள்’ என்று கற்பிக்கப்பட்டது. நீங்கள் தாளில் எழுதிவைத்த குறிப்பில் ‘டபிள் குரோசே’ என்றும், ஒவ்வொரு சுற்றிலும் 12 கண்ணிகள் கூட்ட வேண்டும் என்றும் இருந்திருக்கும். அந்த 12, நெடிய பின்னலுக்கு உரிய எண். குட்டைப் பின்னலுக்குச் சுற்றுக்கு 6 கண்ணிகளே கூட்ட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட அரை நெடும்பின்னலுக்கு 8. நீங்கள் குட்டையாகப் பின்னி 12 கண்ணி கூட்டினீர்கள். இடத்தை மீறிய கண்ணிகள் வேறு வழியின்றி மேலும் கீழுமாக நெளிந்தன. சுற்றுகளின் எண்ணிக்கை குறிப்பில் உள்ளபடியே இருந்தாலும் ஒவ்வொரு சுற்றும் பாதி உயரமே வளர்ந்ததால் தொப்பி காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. இனி எந்தச் செய்முறையை எடுத்தாலும் முதலில் ‘சிங்கிள்’ என்ற சொல் அதில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு.

சுற்றளவு தளர்ந்ததற்கும் குளிர் தாங்காததற்கும் பருத்தி நூலே காரணம். நாம் ரேந்தைக்குப் பருத்தியைத் தேர்ந்தெடுப்பது சரியானதே. ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயரின் ‘ரெண்டா’விலிருந்து நமக்கு வந்தது, மேசைவிரிப்பின் ஓரத்திலும் தலையணை உறையிலும் கோலம் தெளிவாக நிற்பதற்கு வழுவழுப்பான, நெகிழாத நூல் வேண்டும். தொப்பிக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. பருத்தியில் பின்னிய துணி இழுத்தால் நீளும், ஆனால் பழைய அளவுக்குத் தானாகச் சுருங்காது. பனியும் வியர்வையும் பட்டால் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு கனக்கும். ஈரமான துணி உடற்சூட்டை விரைவாக வெளியே கடத்திவிடும். கம்பளி இழை இயற்கையிலேயே சுருள் உடையது. அந்தச் சுருள்களுக்கு இடையில் அசையாமல் தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம் வரை ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் கரையோரத்தில் வலை பின்னுவோரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் கட்டப்பட்டது. அதனால்தான் மீனின் துள்ளலுக்கும் கண்ணின் அளவு மாறுவதில்லை. இரட்டை ஊசியில் பின்னும் நிற்றிங்கில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணி அடுத்த கண்ணிக்குள் புகுந்து நிற்கிறது, அவ்வளவுதான். இழுத்தால் ஒரு கண்ணி தன் நூலைப் பக்கத்துக் கண்ணிக்குக் கடன் கொடுக்கிறது, விட்டால் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. தலையைப் பற்றி நிற்கும் நெகிழ்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. குரோசே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஒவ்வொரு கண்ணியும் அந்த இடத்திலேயே முடிக்கப்பட்டுவிடுவதால் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினாலும் வேலை கீழ்வரை பிரியாது, ஆனால் நெகிழ்ச்சி குறைவு, துணி தடிப்பு அதிகம், அதே பரப்புக்கு நூலும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே, இரண்டும் தெரிந்தவர் தொப்பியை இரட்டை ஊசியிலும் தலைப்பட்டியைக் குரோசேயிலும் செய்வதே சிறந்தது என்பது என் கருத்து. குரோசே மட்டுமே கைவருமானால் அதற்கும் நல்ல வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் அளவு. மகளிடம் தொலைபேசியில் கேட்டு, மூவருடைய தலையின் சுற்றளவையும் பெற்றுக்கொள்ளுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, காதின் மேல்விளிம்பைத் தொட்டு, பின்மண்டையில் அதிகம் புடைத்த இடத்தின் வழியே அளக்க வேண்டும். அளவுநாடா இல்லாவிட்டால் நூலால் சுற்றி, நூலை அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கட்டும். வளர்ந்த பெண்களின் தலை பொதுவாக 54 முதல் 57 சென்ரிமீற்றர் வரை, ஆண்களின் தலை 57 முதல் 60 வரை இருக்கும். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை உதவும்: ஒரு வயதில் ஆண்குழந்தையின் சராசரித் தலைச்சுற்றளவு 46.1, இரண்டு வயதில் 48.3, பெண்குழந்தைக்கு 44.9, 47.2. ஐந்து வயதில் இருபாலாருக்கும் 50 சென்ரிமீற்றரை ஒட்டி வந்துவிடும். அதாவது உங்கள் பேரனுடைய தலை இப்போது விரைவாக வளரும் பருவத்தில் இருக்கிறது, பேத்தியுடையது இனி மிக மெதுவாகவே வளரும். பேரனுக்கு மட்டும் விளிம்பை மடித்துவிடும்படி நீளமாகப் பின்னினால் அடுத்த குளிருக்கும் உதவும்.

இனி, இந்தப் பதிலிலேயே முக்கியமான செய்தி: தொப்பியின் சுற்றளவு தலையின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தலைக்குச் சமமாகப் பின்னிய தொப்பி நிச்சயமாக வழுகும். இரட்டை ஊசித் தொப்பிக்கு 4 அல்லது 5 சென்ரிமீற்றரும், குரோசே தொப்பிக்கு 3 முதல் 4 சென்ரிமீற்றரும், தலைப்பட்டிக்கு 5 சென்ரிமீற்றர் அளவிலும் குறையுங்கள். இழுபட்டுத் தலையில் பொருந்தும்போதுதான் காற்று புகாது. உயரம், உச்சியிலிருந்து விளிம்பு வரை, பெரியவருக்கு 21 அல்லது 22, பேத்திக்கு 19, பேரனுக்கு 17 சென்ரிமீற்றர் போதும். மடிப்பு வேண்டுமானால் அதற்குமேல் 5 அல்லது 6 கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சென்ரிமீற்றரைக் கண்ணியாக மாற்றுவதற்கு மாதிரித் துண்டு ஒன்று பின்னாமல் முடியாது. பலர் இதைக் காலவிரயம் என்று கருதி விட்டுவிடுகிறார்கள். என் மாணவிகளிலும் பத்தில் எட்டுப் பேர் இதற்குத்தான் முகம் சுளிப்பார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் மகளின் தலை 56 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். டபிள் நிற்றிங் அல்லது 8 பிளை எனப்படும் நடுத்தர நூலில், 4 மில்லிமீற்றர் ஊசியில், 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணிகள் வருவது வழக்கம். அந்தக் கணக்கில் 112 கண்ணிகள் போட்டால் தொப்பி ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் வரும், மிகப் பொருத்தம். உங்கள் கை சற்றுத் தளர்வாக ஓடி 20 கண்ணிகளே வந்தால் அதே 112 கண்ணிகள் 56 சென்ரிமீற்றராகிவிடும். தொப்பி கண்ணில் இறங்கும். கை இறுகி 24 வந்தால் 47க்கும் குறைவு. நெற்றியில் தழும்பு விழும். பத்துச் சென்ரிமீற்றருக்கு இரண்டே கண்ணி வேறுபாட்டுக்கு இவ்வளவு விளைவு. வலை பின்னுபவர் கண்ணின் அளவு மாறாதிருக்க ஒரு சிறு மரச்சட்டத்தைக் கையில் வைத்திருப்பதைப் போல, நமக்கு அந்த மாதிரித் துண்டு. 15 சென்ரிமீற்றர் சதுரமாகப் பின்னி, தொப்பியை எப்படிக் கழுவுவார்களோ அப்படியே கழுவி, நிழலில் உலர்த்தி, ஓரங்களை விட்டு நடுவில் 10 சென்ரிமீற்றரில் உள்ள கண்ணிகளை எண்ணுங்கள். கழுவாமல் எண்ணக் கூடாது; இயந்திரத்தில் கழுவக்கூடியதாகப் பதப்படுத்தப்பட்ட கம்பளி முதல் நீரில் சற்று நீள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஊசி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய பெட்டியில் அம்மாவோ பெரியம்மாவோ விட்டுச்சென்ற பின்னலூசிகள் உங்களிடம் இருக்கலாம். அவற்றில் பொறித்திருப்பது பழைய பிரித்தானிய எண். எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீற்றர், 10ஆம் எண் 3.25. அமெரிக்க எண் இதற்கு எதிர்த்திசை. அங்கே 8 என்றால் 5 மில்லிமீற்றர். ஆகவே எண்ணை மறந்துவிட்டு மில்லிமீற்றரை மட்டும் பாருங்கள். பழைய இரும்பு ஊசியானால், நம் கடற்காற்றில் அது துருப்பிடித்திருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்த பின்னரே வெளிர் நிற நூலைத் தொடுங்கள். துருக்கறை கம்பளியிலிருந்து போகாது. வியர்க்கும் கைக்கு மூங்கில் ஊசி நல்ல பிடி தரும்.

நூலைப் பொறுத்தவரை, நம் நகரத்துக் கடைகளில் நான் பார்த்த வரையில் கிடைப்பது பெரும்பாலும் அக்றிலிக். அதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. எடை குறைவு, விலை குறைவு, பூச்சி அரிக்காது, சாதாரணமாகக் கழுவினால் சுருங்காது. பள்ளியில் தொலைத்துவிட்டு வரும் வயதிலுள்ள பிள்ளைக்கு அதுவே ஏற்றது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சாது. ஓடியாடி வியர்த்த தலையில் பிசுபிசுப்பாக இருக்கும். மகளுடைய தொப்பிக்கும் எல்லாருடைய கழுத்து வளையத்துக்கும் மெரினோ என்ற ஆட்டினத்தின் மென்மையான கம்பளியையே நான் பரிந்துரைப்பேன். விடுமுறைக்கு வரும் உறவினர் எவரிடமாவது மகள் கொடுத்துவிடட்டும். லேபலில் மூன்று செய்திகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: 100 கிராமில் 200 முதல் 250 மீற்றர் வரை நூல் இருக்க வேண்டும், பரிந்துரைத்த ஊசி 4 மில்லிமீற்றராக இருக்க வேண்டும், இயந்திரத்தில் கழுவலாம் என்ற குறி இருக்க வேண்டும். அந்தக் குறி இல்லாத கம்பளியை ஒருநாள் அவசரத்தில் வெந்நீர்ச் சலவைக்குள் போட்டுவிட்டால், இழையின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு, தொப்பி பொம்மைக்கும் பற்றாத கட்டித் துணியாகிவிடும். பெரியவருடைய தொப்பி ஒன்றுக்கு 180 முதல் 200 மீற்றர் நூல் போதும்; 100 கிராம் பந்து ஒன்றில் முடிந்துவிடும்.

கம்பளி உறுத்துமா என்பதை அறிய மட்டும் நம் வெக்கை உதவுகிறது. நூற்பந்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. மாதிரித் துண்டைக் கழுத்தின் பக்கவாட்டில் பத்து நிமிடம் வைத்திருங்கள். உறுத்தலுக்குக் காரணம் 30 மைக்ரோனுக்கு (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தடித்த இழைகளின் நுனிகள் தோலில் குத்துவது. வியர்த்த தோலில் அது இன்னும் கூர்மையாகத் தெரியும். திருகோணமலையில் உறுத்தாத நூல் ரொறன்ரோவில் உறுத்தாது.

எதில் தொடங்குவது? பேத்தியின் தலைப்பட்டியில் தொடங்குங்கள். இரட்டைப் பின்னலோ கொண்டையோ போடும் பிள்ளைக்குத் தொப்பியைவிடத் தலைப்பட்டியே பயன்படும். குளிரில் முதலில் விறைப்பதும் காதுதான். தலை வழியாகத்தான் உடற்சூட்டில் பாதி போகிறது என்று பலர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. வளர்ந்தவரின் தலை உடற்பரப்பில் 7 முதல் 10 வீதம்தான், மூடாமல் விட்டால் அந்த அளவுக்கே சூடு போகும். ஆனால் காதுமடல் மெல்லியது, அதற்குத் தனிக் காப்பு வேண்டும். 4 மில்லிமீற்றர் குரோசே ஊசியில், பட்டியின் அகலத்துக்கு 15 கண்ணிகள் போட்டு, குட்டைப் பின்னலில், ஒவ்வொரு வரிசையிலும் கண்ணியின் தலையிலுள்ள இரண்டு நூல்களில் பின்பக்க நூலை மட்டும் எடுத்துப் பின்னிச் செல்லுங்கள். அகலம் 9 சென்ரிமீற்றரை ஒட்டி வரும். வரிசைகள் மேடும் பள்ளமுமாக எழுந்து, நீளவாக்கில் நன்றாக இழுபடும் துணி கிடைக்கும். தலை 51 சென்ரிமீற்றரானால் பட்டி இழுக்காத நிலையில் 46 வந்ததும் இரு முனைகளையும் இணைத்துவிடுங்கள். இதில் ஓர் இலாபம் உண்டு: பக்கவாட்டில் வளரும் வேலையாதலால் முன்கூட்டிக் கணக்குப் போட வேண்டியதில்லை, பின்னப் பின்ன அளந்துகொள்ளலாம். முடிந்த பட்டியைக் கழுவி உலர்த்தி எண்ணினால், அதே நூலில் அதே பின்னலில் செய்யப்போகும் தொப்பிக்கு அதுவே மாதிரித் துண்டு. நூலும் வீணாகாது, பத்தில் எட்டுப் பேர் சுளிக்கும் முகமும் மலரும்.

அந்தத் தொப்பிதான் முன்னர் சொன்ன, குரோசே மட்டும் தெரிந்தவருக்கான நல்ல வழி. உச்சியில் வட்டம் போட்டுத் தொடங்காமல், தொப்பியின் உயரத்தையே வரிசையின் நீளமாகக் கொள்ளுங்கள். மகளுக்கு 22 சென்ரிமீற்றர் உயரமும் 6 சென்ரிமீற்றர் மடிப்பும் சேர்த்து 28 சென்ரிமீற்றருக்குச் சங்கிலி போட்டு, தலைப்பட்டியைப் போலவே பின்பக்க நூலில் குட்டைப் பின்னலாகச் செல்லுங்கள். உச்சிக்கு வரும் பக்கத்தில் கடைசி நான்கைந்து கண்ணிகளை மட்டும் நழுவு பின்னலாக, அதாவது நூலை எடுத்து ஊசியிலுள்ள வளையத்தினூடாகவும் ஒரேயடியாக இழுத்துவிடும் மிகக் குட்டையான பின்னலாகப் பின்னினால் அந்த ஓரம் ஒடுங்கிவரும். துணி இழுக்காமல் 48 சென்ரிமீற்றர் ஆனதும் நிறுத்தலாம். இந்தப் பின்னல் அதிகம் இழுபடுவதால் மற்றக் குரோசே தொப்பியைவிடக் கூடுதலாகக் குறைக்கிறேன். இரு முனைகளையும் தைத்துக் குழாயாக்கி, ஒடுங்கிய ஓரத்தில் நூலை ஓட்டிச் சுருக்கி இறுக்கிவிட்டால் தொப்பி முடிந்தது. கண்ணி கூட்டும் வேலையே இதில் இல்லை. மடிப்பு காதின்மேல் இரட்டைத் துணியாக அமைவதால் குரோசேயின் இடைவெளிகளில் காற்றும் புகாது.

உச்சியிலிருந்து வட்டமாகத்தான் பின்னுவேன் என்றால், குட்டைப் பின்னலில் 6 கண்ணிகளில் தொடங்கிச் சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே செல்லுங்கள். 10 சென்ரிமீற்றருக்கு 16 கண்ணிகள் வரும் கைக்கு, 14 சுற்றில் 84 கண்ணிகளாகி, சுற்றளவு 52.5 சென்ரிமீற்றர் கிடைக்கும். 56 தலைக்குச் சரி. அதன்பின் கூட்டாமல் நேராக இறங்கலாம். வட்டம் நெளிந்தால் கூட்டியது அதிகம். மூன்றாம் நான்காம் சுற்றிலேயே கிண்ணம்போலக் குவிந்தால் குறைவு. கூட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் உச்சி அறுகோணமாகத் தெரியும். சுற்றுக்குச் சுற்று இடத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வேறு நிற நூல்துண்டொன்றைச் செருகிவைத்தால் எண்ணிக்கை தவறாது.

இரட்டை ஊசி தெரியுமானால் அந்த 112 கண்ணிகளை 3.25 மில்லிமீற்றர் வளைய ஊசியில், அதாவது இரண்டு ஊசிகளை ஒரு வடம் இணைக்கும் ஊசியில், தளர்வாகப் போடுங்கள். 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள வளைய ஊசி தொப்பிக்கு ஏற்றது. இறுக்கமாகத் தொடங்கிய விளிம்பு பிறகு எதனாலும் தளராது. சுற்றாக இணைக்குமுன் கண்ணிகள் ஊசியில் முறுக்கிக்கொள்ளாமல் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று இருமுறை சரிபாருங்கள். இரண்டு நேர்க்கண்ணி (நிற்), இரண்டு மறிக்கண்ணி (பேர்ள்) என்று, நன்றாக இழுபடும் ரிப் பின்னலில் 5 சென்ரிமீற்றர் சென்று, 4 மில்லிமீற்றர் ஊசிக்கு மாறி, எல்லாவற்றையும் நேர்க்கண்ணியாகப் பின்னுங்கள். மொத்தம் 14.5 சென்ரிமீற்றர் ஆனதும் உச்சியைக் குறைக்கத் தொடங்கலாம்: 112 கண்ணிகளை 14 கண்ணிகள் கொண்ட எட்டுப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவின் இறுதியிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னுங்கள். ஒரு சுற்றுக் குறைத்து ஒரு சுற்றுச் சும்மா பின்னுவதை ஏழுமுறை செய்தால் 56 கண்ணிகள் மிஞ்சும். அதன்பின் எல்லாச் சுற்றிலும் குறைத்தால் ஆறு சுற்றில் 8 கண்ணிகள். நூலை அறுத்து, அந்த எட்டுக்கும் ஊடாக ஓட்டி இறுக்குங்கள். சுற்றளவு குறையக் குறைய வளைய ஊசியில் பின்ன முடியாமல் போகும். அப்போது இருமுனை ஊசிகளுக்கு மாற்ற வேண்டும். வளைய ஊசியே இல்லாதவர் இரண்டு நேர் ஊசிகளில் தட்டையாகப் பின்னி, தையலுக்கு இரண்டு கண்ணி கூடப் போட்டு, பின்புறம் தைத்துவிடலாம்; அணிந்தபின் எவரும் அதைக் கவனிக்கப் போவதில்லை.

கழுத்து வளையத்துக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். கவுல் என்று கடையில் விற்பது இதைத்தான். மகளுக்கு 60 சென்ரிமீற்றர் சுற்றளவும் 25 உயரமும், இருசுற்றாகப் போட விரும்பினால் 130 அல்லது 140 சுற்றளவும் 20 உயரமும் கொள்ளலாம். இங்கே பற்றி நிற்கும் துணி தேவையில்லை, தொய்ந்து விழும் துணியே வேண்டும். ஆகவே அதே 8 பிளை நூலை 5 மில்லிமீற்றர் ஊசியில் பின்னுங்கள். பேத்திக்கு 50, பேரனுக்கு 46 சென்ரிமீற்றர் சுற்றளவும் 15 முதல் 18 வரை உயரமும் போதும். பிள்ளைகளுடையது தலைவழியே நுழைய வேண்டியதால் இறுதி வரிசையைப் பெரிய ஊசியால் தளர்வாக முடியுங்கள். இழுத்துப் பார்க்கும்போது தலையின் அளவுக்கு விரியாவிட்டால் அவிழ்த்து மீண்டும் முடிக்கத் தயங்காதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு நீண்ட கழுத்துச்சால்வை பின்னிவிடாதீர்கள். விளையாட்டுத் திடலில் சறுக்கிலும் ஏணியிலும் முனை சிக்கிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால்தான் அங்கு கழுத்து வளையத்தை அணிவிக்கும்படி அறிவுறுத்துகிறார்கள். அதே காரணத்தால் பேரனுடைய தொப்பிக்குத் தாடையில் முடியும் கயிறும், பொத்தானும், மணியும் வைக்க வேண்டாம். உச்சியில் நூற்குஞ்சம் வைப்பதானால் பேத்தியுடையதற்கு வையுங்கள். வீட்டுக்குள் வந்ததும், குறிப்பாக உறங்கும்போது, குழந்தையின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பது மகளுக்குத் தெரிந்திருக்கும்; இருந்தாலும் பொதியில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

முடித்த நூல்முனைகளைக் குட்டையாக வெட்டாமல் 15 சென்ரிமீற்றர் விட்டு, ஊசியால் மூன்று திசைகளில் மாறிமாறி ஓட்டிய பின் வெட்டுங்கள். பிறகு இளஞ்சூட்டு நீரில் சிறிது சம்போ கலந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல், துவாய்க்குள் சுருட்டி அமுக்கி நீரை எடுங்கள். தொப்பியைக் கவிழ்த்த சட்டியின்மேல் உலர்த்துவது நல்லது; சட்டியின் குறுக்களவு 16 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நீங்களே தொப்பியைப் பெருக்கிவிடுவீர்கள். அக்றிலிக்கின்மேல் மின்னழுத்தியை வைக்கவே கூடாது. என் மூத்த மகளுக்கு அனுப்பிய முதல் தொப்பியை, விளிம்பு சுருண்டிருக்கிறதே என்று நான் அழுத்தினேன். ஒரு நொடியில் ரிப் பின்னலின் துள்ளல் முழுவதும் செத்து, சப்பையான துணி மிஞ்சியது. சூட்டில் இளகிய இழை மீண்டும் எழுவதில்லை. முழுத் தொப்பியையும் மறுபடி பின்னினேன்.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நமக்கு வைகாசி முதல் ஆவணி வரை உலர்காலம். கச்சானில் நிழலிலேயே ஒரு நாளில் கம்பளி உலர்ந்துவிடும். ஐப்பசியில் மாரி தொடங்கிவிட்டால் மூன்று நாளானாலும் உள்மடிப்பில் ஈரம் நிற்கும், அந்த ஈரத்தோடு பொதி செய்தால் பூஞ்சண நாற்றத்தோடுதான் போய்ச் சேரும். ரொறன்ரோவில் கார்த்திகையிலேயே தொப்பி தேவைப்படும். ஆகவே ஆனியில் தலைப்பட்டி, ஆடியில் தொப்பிகள், ஆவணியில் கழுத்து வளையங்கள் என்று வகுத்துக்கொண்டு, புரட்டாதி நடுப்பகுதிக்குள் அஞ்சலில் சேர்த்துவிடுங்கள். அதுவரை முடிந்தவற்றை நன்றாக உலர்த்தி, மூடி இறுகிய பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி திறந்த அலுமாரியைத் தேடி வரும். பூச்சி உருண்டை போட வேண்டாம், அந்த மணம் கம்பளியிலிருந்து எளிதில் நீங்காது. பொதி கட்டும்போது ஒவ்வொரு நூலிலும் இரண்டு மீற்றர் வெட்டி, லேபலோடு சேர்த்து உள்ளே வைத்துவிடுங்கள்; எங்காவது கொளுவிப் பிரிந்தால் மகள் அதே நூலால் தைத்துக்கொள்ளலாம்.